வெள்ளிக்கிழமை முற்றுகை

அந்த ஆட்டத்தில் எது நல்லது, எது கெட்டது என்று இணையத்தில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். படம் அழகு, இசை இனிமை, கம்ப்யூட்டர் எதிரிக்கு மூளை மட்டு என்று எழுதிவிட்டு, நாலு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவரும் அதை மச்சான்மாரோடு சேர்ந்து ஆடியவர்கள் இல்லை. நான் வருஷக்கணக்கில் ஆடியிருக்கிறேன். நட்சத்திரம் போடுகிற தகுதி அவர்களைவிட எனக்குத்தான் அதிகம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாளும் வில்லும் குதிரையும் கோட்டையும் இருந்த காலத்தில் நடப்பது. தொடக்கத்தில் உங்களுக்குக் காட்டுக்கு நடுவே ஒரு சாவடியும் சில வேலையாட்களும் மட்டும் கொடுப்பார்கள். அந்த ஆட்களை ஏவி ஆடு அறுக்க வேண்டும், மரம் வெட்ட வேண்டும், கல்லும் பொன்னும் தோண்ட வேண்டும். அதை வைத்து வீடு, வயல், பட்டறை, கடைசியில் கோட்டை. சதுரங்கம் மாதிரி நீங்கள் யோசித்து முடிக்கும்வரை எதிரி காத்திருக்க மாட்டான். நீங்கள் வெட்டும்போது அவனும் வெட்டிக்கொண்டிருப்பான். அவன் பக்கம் உங்கள் திரையில் கறுப்பாக மூடிக் கிடக்கும். ஆள் அனுப்பிப் பார்த்தால்தான் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியும்.

இதில் நல்லது என்றால் முதலில் அதன் நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஈட்டிக்காரன் குதிரையைக் குத்துவான், குதிரை வில்லாளியை மிதிக்கும், வில்லாளி ஈட்டிக்காரனைத் தூர நின்றே சாய்த்துவிடுவான். எவனும் எல்லோரையும் ஜெயித்துவிட முடியாது. சீட்டு சரியாக விழவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. தோற்றால் உங்கள் புத்தி கோணலாகப் போனதால்தான் தோற்றீர்கள். அப்புறம் அந்த மரம் வெட்டும் சத்தம். துபாயில் எட்டுப் பேர் அடைந்து கிடந்த அறையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு மனசு அடங்கிவிடும்.

கெட்டதுக்குக் குறைவில்லை. வேலையாட்களுக்கு அறிவே கிடையாது. அம்பு பறந்து வரும் திசையிலேயே மரம் வெட்டப் போய் வரிசையாகச் சாவார்கள். யானையை ஒரு இடத்துக்குப் போகச் சொன்னால் சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். மதகுரு ஒருவர் தூரத்தில் நின்று கையைத் தூக்கி முணுமுணுத்தால் போதும், நீங்கள் வளர்த்த குதிரைவீரன் நிறம் மாறி எதிரியின் ஆளாகிவிடுவான். கடல் உண்டு, கப்பல் உண்டு, மீன் பிடிக்கப் படகு உண்டு. முத்துக் குளிக்க மட்டும் ஒரு ஆளை இறக்க முடியாது. எங்கள் கடலை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் செய்த ஆட்டம் அது.

எனக்கு ஆகவே ஆகாத குறை வேறொன்று. வேலையாளாக இருக்கிறவன் என்றும் வேலையாள், படைவீரனாக வெளியே வந்தவன் என்றும் படைவீரன். சண்டை ஓய்ந்த பிறகு அவனைத் திரும்ப வயலுக்கு அனுப்ப வழியில்லை. அவன் சாவடி வாசலில் சும்மா நிற்பான். தலைக்கணக்கில் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறானே என்று கடுப்பாகி, நாமே டெலீட் பொத்தானை அழுத்தி அவனைச் சாகடிப்போம். நானும் அப்படி எத்தனையோ பேரை அழித்திருக்கிறேன். அப்போதெல்லாம் அது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றியதில்லை.

என் ஊர் காயல்பட்டினம். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்குக் குடிபோவான். பகலில் தன் தாய் வீட்டுக்கு, உம்மா வீட்டுக்குப் போய் வரலாம், ராத்தங்கல் மனைவி வீட்டில். மாப்பிள்ளைக்கு அங்கே நல்ல மரியாதை. அவன் வரும் நேரம் பார்த்துச் சோறு வடிப்பார்கள், அவன் உட்காரும் நாற்காலியில் மற்றவர்கள் உட்கார மாட்டார்கள். என் மாமியார் என் முகத்தைப் பார்த்துக்கூடப் பேசமாட்டார், அவ்வளவு மரியாதை. ஆனால் அந்த மரியாதையெல்லாம் துபாய் மாப்பிள்ளைக்கு. வேலையில்லாமல் அந்த நாற்காலியில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்த ஒருவரை, என் மனைவியின் ராத்தா மாப்பிள்ளையை, அதாவது அவள் அக்காள் புருஷனை, நான் பார்த்திருக்கிறேன். அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரல் மட்டும் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே வந்தது. மனுஷன் கடைசியில் சாப்பிடவே வெட்கப்பட்டார்.

என் மனைவிக்கு இரண்டு சகோதரர்கள். பெரிய மச்சான் ஊரிலேயே ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். சின்ன மச்சான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். கல்யாணமான புதிதில், லீவில் வந்திருந்தபோது, இரண்டு பேருக்கும் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது நான்தான். துபாய்க்குத் திரும்பிய பிறகு வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து, அவர்கள் சாப்பிட்டு எழுந்ததும் மூன்று பேரும் ஆட்டத்தில் சேர்ந்துவிடுவோம். மூன்று பேரும் ஒரே அணி, எதிரி கம்ப்யூட்டர். பேசிக்கொள்ள ஹெட்போன், மைக். பெரிய மச்சானின் ஆட்டம் அவர் கடை மாதிரியே இருக்கும். எடுத்த எடுப்பில் கல்லைச் சேர்த்து ஊரைச் சுற்றிச் சுவர் கட்டிவிட்டு, உள்ளே பத்திரமாக உட்கார்ந்துகொள்வார். “கடையப் பூட்டிட்டுத் தூங்குதீங்களா மச்சான்? வெளிய வந்து பாருங்க, உலகம் பெருசு” என்று நான் கேலி பண்ணுவேன். அவர் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் அவருக்கு வலித்ததென்று பிற்பாடு தெரிந்தது. அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை. அவர் ஆடியது அப்படித்தான்.

நான் வேலை பார்த்த கம்பெனி கிடங்கை மூடியது. விசாவை ரத்து செய்து கையில் டிக்கெட்டைக் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு மஸ்கட் கம்பெனிக்கு இன்டர்வியூ கொடுத்துத் தேறியும் இருந்தேன். விசா சீக்கிரம் வந்துவிடும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். திருவனந்தபுரத்தில் இறங்கி, திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது திருச்செந்தூர் பஸ் ஒன்றும் தூத்துக்குடி பஸ் ஒன்றும் புறப்படத் தயாராக நின்றன. திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறியிருந்தால் இருட்டும் முன் மனைவி முகத்தைப் பார்த்திருப்பேன். அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

விசா வரும்வரை அந்த வீட்டுக்கு விஷயம் தெரியக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வந்துவிட்டால் துபாயிலிருந்து நேராக மஸ்கட் மாறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், யாருக்கும் ஒன்றும் தெரியாது. வேலை போய்விட்டது என்று வீட்டில் சொல்வது அவ்வளவு கஷ்டமா என்று கேட்கிறவர்கள், ஒரு மாதம் மாமியார் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு வந்து கேட்கட்டும்.

தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க் வேலை கிடைத்தது. கப்பலில் வந்த மரத்தடியையும் முந்திரிக்கொட்டை மூட்டையையும் இறக்கும்போது நின்று எண்ணிக் குறிக்கும் வேலை. பக்கத்தில் ஒரு மாடி அறை எடுத்தேன். காயல்பட்டினத்துக்காரர்கள் தினமும் வந்துபோகிற ஊர் அது. முகக்கவசமும் யார்டு தொப்பியும் இல்லாமல் தெருவில் இறங்கமாட்டேன். துணி வாங்கவோ பிரியாணி சாப்பிடவோ கடைத்தெருப் பக்கம் தலைகாட்டியதில்லை. பழைய பஸ் ஸ்டாண்டைக் கடந்து போகும்போது திருச்செந்தூர் பஸ் நிற்கும். ஆத்தூர், ஆறுமுகநேரி தாண்டினால் என் மனைவி வீட்டுத் தெருமுனை. கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவக் கூவ நான் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன்.

மனைவியோடு தினமும் போனில் பேசினேன். துபாய் சிம்மை விடவில்லை, அங்கே பேசப் பயன்படுத்திய அதே ஆப்பில்தான் பேசினேன். முகம் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னால், கட்டிலுக்குப் பின்னால் துபாய் அறையில் கட்டியிருந்த அதே திரைத்துணியைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். சாப்பிட்டீர்களா என்பாள், தூங்கினீர்களா என்பாள். பேசி முடிந்ததும் “வேற?” என்பாள். “வேற ஒண்ணுமில்ல” என்பேன். “வேற ஒண்ணுமே இல்லயா?” என்று இன்னொரு தடவை கேட்பாள். என்மேல் உள்ள பிரியத்தில் போனை வைக்க மனம் வராமல் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தையும் நான் விடவில்லை. விட்டால் சந்தேகம் வரும் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. பெரிய மச்சானின் மைக் எப்போதும் திறந்தே கிடக்கும். அவர் பேசாதபோதும் அதன் வழியாக வீடு கேட்கும். மாமியார் யாரையோ அதட்டுவது, மிக்ஸி ஓடுவது, தண்ணீர் மோட்டார் நிற்பது, என் மனைவி வளையல் சத்தத்தோடு குறுக்கே நடப்பது எல்லாம் காதில் விழும். அதற்காகவே வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்துக்கிடந்தேன்.

என் பக்கத்துச் சத்தம் அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது. காலை ஷிப்டு முடிந்து வந்ததும் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துண்டைத் திணிப்பேன். கீழே ஒருவர் தள்ளுவண்டியில் நுங்கு கூவி விற்பார். அந்தப் பக்கம் மாதா கோயில் மணி. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்குதான். தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் பாங்கு ஏறக்குறைய ஒரே நேரம். துபாயில் அது எவ்வளவோ பிந்தி. என் மைக்கில் பாங்கு கேட்டால் கதை முடிந்தது. பொத்தானை அழுத்தினால் மட்டும் குரல் போகும்படி மைக்கை மாற்றி வைத்தேன். அஸர் நெருங்கும்போது பொத்தான் பக்கமே விரலைக் கொண்டுபோக மாட்டேன். துபாயில் பாங்கு சொல்லும் நேரம் வந்ததும், “தொழுதுட்டு வாரேன்” என்று கொஞ்சம் எழுந்து போய்விட்டு வருவேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்.

காதுக்கு இவ்வளவு காவல் போட்டவன் கண்ணை மறந்துவிட்டேன். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கூடுகிற திரையில், ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பொட்டு இருக்கும். உங்கள் இணையம் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதைக் காட்டும் பொட்டு. பக்கத்தில் இருந்தால் பச்சை, தொலைவில் இருந்தால் மஞ்சள், ரொம்பத் தொலைவு என்றால் சிவப்பு. மச்சான்மார் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் பச்சை. எனக்கு எத்தனையோ வருஷமாக மஞ்சள், கூட்டம் அதிகமான நாளில் சிவப்பு. தூத்துக்குடியிலிருந்து ஆடிய முதல் வெள்ளிக்கிழமையே எனக்கும் பச்சை விழுந்துவிட்டது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பெரிய மச்சான் கவனித்தார். “இன்னைக்கு லைன் சும்மா பளிச்சுன்னு இருக்கே மச்சான்” என்றார். அறையில் புது கனெக்ஷன் போட்டிருக்கிறோம் என்றேன். “அப்பிடியா, நல்லது நல்லது” என்றார். அன்றைக்கே அவர்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டதென்றும், தான் என் இணைய முகவரியைத் தோண்டி தூத்துக்குடி என்றே கண்டுபிடித்துவிட்டதாகவும் வெகுநாள் கழித்து, பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்த சின்ன மச்சான் சொன்னான். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவில்லை. இந்தப் பொட்டை ஆட்டத்தின் நல்லதில் சேர்ப்பதா கெட்டதில் சேர்ப்பதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. யாரும் கேட்காமலே ஒருவன் இருக்கும் இடத்தை ஊருக்குச் சொல்லிவிடுகிறது. ஆனால் பொய் சொல்வதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து விசாரிப்பு தொடங்கியது. “என்ன மச்சான், அங்கன வெயிலு எப்பிடி அடிக்கு?” என்பார் பெரிய மச்சான். வெளியே தலைகாட்ட முடியவில்லை, ஏசி மட்டும் இல்லையென்றால் செத்துவிடுவோம் என்பேன். சொல்லும்போதே இங்கே கரண்ட் போய், மூடின ஜன்னலுக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டிருக்கும். “ஏசிய கொஞ்சம் கொறச்சு வைங்க மச்சான், ஒங்க குரலு கம்முது, சளி பிடிச்சிரும்” என்பார். ஒருநாள், “இங்க நேத்து நல்ல மழ, அங்கன இருந்தா மழயப் பாக்க முடியாதுல்லா” என்றார். முந்தின நாள் அந்த மழையில் நனைந்துதான் நான் மரத்தடி எண்ணினேன். “அதெல்லாம் எங்க மச்சான் இங்க” என்று பெருமூச்சு விட்டேன். அந்தப் பக்கம் சின்ன மச்சான் இருமுவது கேட்டது. அது இருமல் இல்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அதற்கப்புறம் ஆட்டத்திலும் கைவைத்தார். இந்த ஆட்டத்தில் கூட்டாளியை எதிரியாக்க ஒரு கிளிக் போதும். காரணம் கேட்காது, ஒருமுறை யோசித்துக்கொள் என்று எச்சரிக்கவும் செய்யாது. இவ்வளவு பெரிய ஆட்டத்தைச் செய்தவர்களுக்கு அங்கே ஒரு தடுப்பு வைக்கத் தோன்றவில்லை பாருங்கள். நான் கம்ப்யூட்டரோடு சண்டை போட என் படையை எல்லாம் வடக்கே அனுப்பிய நேரம் பார்த்து, கூட்டாளி ஊர் என்று சுவரே கட்டாமல் விட்டிருந்த தெற்குப் பக்கமாகப் பெரிய மச்சானின் ஆட்கள் உள்ளே வந்தார்கள். எத்தனையோ வருஷமாகச் சுவருக்குள் பதுங்கிக் கிடந்த மனுஷன். என் வீடுகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தினார். வீடு போனால் இந்த ஆட்டத்தில் புதிதாக ஆள் எடுக்க முடியாது. “என்ன மச்சான் இது, கூட்டாளிய அடிக்குதீங்க?” என்றேன். “சும்மா ஒரு வெளாட்டு” என்றார்.

கடைசியில் எனக்கு ஒரே ஒரு வேலையாள்தான் மிச்சம். அவனைக் கொன்றால் ஆட்டம் முடிந்துவிடும். அவர் கொல்லவில்லை. அவனைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பினார். மூடுவதற்கு முன் ஒரு ஆட்டையும் உள்ளே ஓட்டிவிட்டார். “பசிக்கும்லா” என்றார். அப்புறம் அவர் பாட்டுக்கு வயல் வைத்தார், சந்தை கட்டினார், சின்ன மச்சானோடு கடை வியாபாரம் பேசினார். நான் அந்த நாலு சுவருக்குள் என் ஆளை அங்கும் இங்குமாக நடக்கவிட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டத்தை விட்டுப் பாதியில் எழுந்தவனை அடுத்த வாரம் சேர்ப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு சட்டம். போட்டவன் நான்தான். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“காக்கா, போதும், விட்ருங்க” என்று சின்ன மச்சான் ஒருதரம் தன் அண்ணனிடம் சொன்னான்.

“நீ சும்மா இருலே. மச்சானுக்கு என்ன கொற? மச்சான், நல்லாத்தான இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன்” என்றேன். ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. திரையை அடித்து உடைக்க வேண்டும்போல இருந்தது. அந்த நேரம் பார்த்து மைக்கில் வளையல் சத்தம் கேட்டது. யாரோ டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டேன்.

இப்படியே வாராவாரம். ஒரு வாரம் என் ஊரைத் தீவாக்கித் துறைமுகத்தை அடைத்தார். இன்னொரு வாரம் என் ஆட்களையெல்லாம் மதகுருவை விட்டு முணுமுணுக்க வைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என் ஊரை அவர்களை வைத்தே இடித்தார். இவ்வளவு சாமர்த்தியம் அந்தக் கடைக்காரரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. விசாவோ வருகிற வழியைக் காணோம். ஏஜென்ட் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் பெரிய மச்சான் சொன்னார்: “மச்சான், நம்ம தெருவுல இருந்து ஒரு ஆளு துபாய் வாரார். தங்கச்சி ஒங்களுக்குப் பார்சல் கட்டியிருக்கா. ஒங்க ரூமுக்கே கொண்டுவந்து தருவார்.”

வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு புறப்படுகிற எவருடைய பெட்டியிலும் பாதி அடுத்தவர் பார்சல்தான் இருக்கும். முட்டையும் ரவையும் சேர்த்துச் சுடும் தம்மடை, மாசிக் கருவாடு, ஊறுகாய், பொடி வகையறா. அதை வேண்டாம் என்பவன் மனைவியையே வேண்டாம் என்கிறான். துபாயில் என் பழைய அறைக்காரரைக் கூப்பிட்டு, அப்படி ஒருவர் வந்தால் நான் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி வாங்கி வைக்கும்படி கெஞ்சினேன். வாரம் முழுக்கத் தினமும் கேட்டேன். யாரும் வரவில்லை என்றார். கொண்டுபோனவரிடமிருந்து எனக்கு ஒரு போனும் வரவில்லை.

உட்கார்ந்து யோசித்தேன். பார்சல் வரவில்லை என்று சொன்னால், கொண்டுபோனவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவர் அறைக்குப் போய்க் கேட்டால் நான் அங்கே இல்லாதது வெளியாகிவிடும். வந்தது என்று சொல்லிவிட்டால்? விமான நிலையத்தில் எடை கூடிப்போய் அடுத்தவர் பார்சலைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு, வழியிலேயே பிரித்துத் தின்றுவிடுகிறவர்களும் உண்டு. வெட்கத்தில் அவர்களும் கொடுத்துவிட்டேன் என்றுதான் சொல்வார்கள். அவர் பொய்யும் என் பொய்யும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும். மூடிக் கிடக்கும் நிலத்தில் எதிரி என்ன செய்துகொண்டிருப்பான் என்று ஊகித்து ஆடுவதில் நான் கெட்டிக்காரன். வந்தது என்று சொல்வதே நல்லது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் சேர்ந்தோம். இன்னும் ஆட்டம் தொடங்கவில்லை.

“பார்சல் வந்துச்சா மச்சான்?” என்றார் பெரிய மச்சான்.

“அல்ஹம்துலில்லாஹ், வந்துச்சு மச்சான்.”

“என்னென்ன இருந்துச்சு?”

“வழக்கம்போலதான். தம்மடை, மாசி, ஊறுகா.”

“தம்மடை எப்பிடி?”

“அவ கைப்பக்குவத்தச் சொல்லணுமா? ரூம்ல ஒரு துண்டு மிஞ்சல. எனக்கே ரெண்டு வாய்தான் கெடச்சுது.”

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. பிறகு நாற்காலி நகர்ந்தது.

“நவுருங்க காக்கா, நான் பேசுதேன்” என்று என் மனைவியின் குரல் கேட்டது. அவள் அதுவரை அந்த மைக்கில் பேசியதே இல்லை.

“அந்தப் பார்சல் துபாய்க்குப் போவல” என்றாள். “ஒங்க உம்மா வீட்டுக்குப் போச்சு. இங்க கெடந்த ஒங்க கைலி, சட்ட, செருப்பு எல்லாத்தையும் கட்டி, யாரும் பிரிக்காம வைக்கச் சொல்லி நான்தான் குடுத்து விட்டேன். தம்மடை நான் சுடவே இல்ல.”

மனைவி வீட்டிலிருந்து மாப்பிள்ளையின் துணிமணி தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அந்த உறவு அறுந்தது. பொத்தானை அழுத்திக்கொண்டு, “ஒனக்கு எப்பத் தெரியும்?” என்று மட்டும் கேட்டேன்.

“மொத வெள்ளிக்கிழமயே தெரியும். தூத்துக்குடிக்குப் போய்த் தேடிக் கூட்டிட்டு வாரேன்னு காக்கா அன்னைக்கே கெளம்புனாங்க. நான்தான் வேண்டாம்னேன். நீங்களே எங்கிட்டச் சொல்லுவீங்கன்னேன். வேலயில்லாதவங்கன்னு நான் ஒங்களத் தள்ளல. நல்லாக் கேட்டுக்கோங்க. வேல போனது எனக்கு ஒரு விஷயமே இல்ல. தெனமும் போன்ல கேட்டேன். வாராவாரம் இங்க வந்து நின்னு கேட்டேன். ஒங்களுக்கு என்னயப் பாத்தா மனுஷியாத் தெரியல.”

“இல்ல, நான் சொல்லத்தான்…”

“பார்சல் வரலன்னு இன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தத் துணியத் திருப்பி வாங்கிட்டு, நானே அடுத்த பஸ்ஸுல ஏறி வந்து கூட்டிட்டு வந்திருப்பேன். காக்காட்ட அப்பிடித்தான் சொல்லி வச்சிருந்தேன். புர்காகூடப் போட்டுட்டுத்தான் இங்க உக்காந்திருக்கேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். நாற்காலி மறுபடி நகர்ந்தது. வளையல் சத்தம் தூரமாகப் போனது, ஒரு கதவு சாத்தியது. மாமியார் ஏதோ கேட்டார்.

பெரிய மச்சான் மைக்குக்கு வந்து தொண்டையைக் கனைத்தார். அவரும் இதை எதிர்பார்த்திருக்கவில்லை என்று அவர் மூச்சிலேயே தெரிந்தது. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று தங்கை நம்பியதைப்போல அவரும் நம்பியிருக்க வேண்டும். “ஆட்டத்தப் போடவா, வேண்டாமா?” என்றார்.

வேண்டாம் என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றிவிட்டால் அந்த வீட்டுச் சத்தம் எனக்கு இனி எந்த நாளும் கேட்காது. அங்கே மிக்ஸி ஓடத் தொடங்கியது. அது நிற்கும்வரை கேட்டேன்.

“போடுங்க மச்சான்” என்றேன்.

“இனி மச்சான்னு கூப்பிட வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டத்தைப் போட்டார்.